ஹோம்கமிங் வாரம், மம், நடனம்: அனுபவப்பட்ட டெக்சாஸ் பெற்றோர் சொல்லுங்களேன்

கோவை_டு_ஃபிரிஸ்கோ

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே குடிவந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூத்தவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நேற்று இரவு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "அம்மா, என்னை ஹோகோவுக்குக் கேட்டுட்டாங்க. நீ அவனுக்கு கார்ட்டர் பண்ணணும், அவங்க அம்மா எனக்கு மம் பண்ணுவாங்க" என்றாள். அதில் எனக்குப் புரிந்தது "அம்மா" மட்டும்தான்.

விசாரித்தால், பையன் ஆர்கெஸ்ட்ராவில் இவளோடு வயோலா வாசிக்கிறவனாம். நல்ல குடும்பமாம் (அதை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்கவில்லை). ஒரு பெரிய அட்டையில் ஏதோ சிலேடை எழுதி, டோனட் பெட்டியோடு வந்து நின்று கேட்டிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துவிட்டார்.

இந்த மம் கட்டாயமா? எவ்வளவு ஆகும்? வெள்ளிக்கிழமை ஆட்டம், சனிக்கிழமை நடனம் என்கிறாள். அது புரட்டாசிச் சனி, மாமியார் வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறார். நடனத்துக்கு முன்னால் எல்லோரும் கூட்டமாகச் சாப்பிடப்போவது ஸ்டேக் ஹவுஸில். போதாததற்கு அந்த வாரம் முழுக்க தினம் ஒரு வேஷம், ஸ்பிரிட் வீக்காம். இதில் எதை விடலாம், எதை விட்டால் பிள்ளை முகம் வாடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிப்பன்ராணி

முதலில் வீட்டுக்காரருக்கு நல்லதாக ஒரு காபி போட்டுக் கொடுங்கள். ஹோகோ என்பது ஹோம்கமிங்கின் சுருக்கம், பள்ளியில் வருடம் ஒருமுறை வரும் ஆட்டமும் நடனமும். அதற்குக் கேட்பது என்றால் நாம் நினைத்துப் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பாதிப் பிள்ளைகள் நண்பர்களாகத்தான் போகிறார்கள். எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகக் கிளம்புவார்கள், படத்துக்கு நிற்க ஜோடி வேண்டும், அவ்வளவுதான். அட்டை, சிலேடை, டோனட் எல்லாம் அந்த விளையாட்டில் சேர்த்தி.

இப்போது மம். டெக்சாஸை விட்டால் ஓக்லஹோமா பக்கம் கொஞ்சம் உண்டு, வேறெங்கும் பெரிதாகக் கிடையாது. ஆதியில் இது நிஜச் சாமந்திப்பூ. 1930கள் வாக்கில் பையன் பெண்ணுக்கு ஒரு பெரிய சாமந்தியும் இரண்டு ரிப்பனும் வாங்கிச் சட்டையில் குத்திவிடுவான். 1970களில் துணிப்பூ வந்தது. வாடாது, சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஆரம்பித்தது வினை. வருடா வருடம் பூவும் பெருத்தது, ரிப்பனும் நீண்டது. இப்போது ஒரு மம் என்றால் வட்ட அட்டை, அதைச் சுற்றி ரிப்பன் மடிப்பு, நடுவில் துணிப்பூ, பூவுக்குள் குட்டிக் கரடி பொம்மை, கீழே முழங்காலைத் தாண்டித் தொங்கும் ரிப்பன்கள், பின்னல்கள், மணிகள், மின்னும் எல்.ஈ.டி விளக்குகள். இரண்டு ரிப்பனில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கும். முன்பு பின்னூசியால் குத்தினார்கள், இன்றைய கனத்துக்குத் துணி கிழிந்துவிடும் என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பையனுக்குக் கார்ட்டர். அதே சாமான்கள், அளவு சிறியது, எலாஸ்டிக் வைத்து மேல்கையில் போடுவது. காலில் அல்ல, பதற வேண்டாம்.

நிறத்தில் மட்டும் கவனம். சீனியர்களுக்கு (பன்னிரண்டாம் வகுப்பு) வெள்ளையும் வெள்ளி அல்லது தங்க நிறமும். மற்ற மூன்று வகுப்புக்கும் பள்ளியின் நிறம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசையாக வெள்ளையில் செய்து அனுப்பினால் பள்ளியே சிரிக்கும். பூவும் ஒன்று போதும், இரட்டை, மூன்று என்பதெல்லாம் சீனியருக்கு.

விலை: ஆர்டர் கொடுத்தால் சாதாரணமாக 100 டாலருக்கு மேலே தொடங்கும், பல நூறு வரை போகும். ஆயிரத்தைத் தாண்டியதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் செய்தால் அதில் ஒரு பங்குதான். ஹாபி லாபி, மைக்கேல்ஸ் என்ற கைவினைக் கடைகளில் ஜூலையிலேயே இதற்கென்று தனி வரிசை வைத்துவிடுவார்கள். அதே மாதிரியான ஜோஆன் கடைகள் 2025-இல் மொத்தமாக மூடிவிட்டதால் இந்த இரண்டிலும் கூட்டம் அதிகம். தள்ளிப்போட்டால் உங்கள் பள்ளி நிறத்தைத் தவிர மற்ற எல்லா நிறமும் கிடைக்கும்.

சும்மாஒருத்தன்

ஆயிரம் டாலர் ரிப்பன்! ஒரு நாள் மாட்டிவிட்டு மறுநாள் அலமாரிக்குள் போகும் சாமானுக்கு! இதே பிள்ளைகளுக்கு நான்கு வருடம் கழித்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழி தெரியாமல் இதே தளத்தில் வந்து தனி இழை தொடங்குவோம். பூ வியாபாரிகளும் கைவினைக் கடைகளும் கிளப்பிவிட்டது. நம் ஆட்கள் எதையும் கேட்காமல் தலையாட்டுகிறார்கள். என் மகனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், ஆட்டம் பார்க்கலாம், டிக்கெட் வாங்கித் தருகிறேன், மற்றது கிடையாது.

எடிசன்காரன்

நியூ ஜெர்சியிலிருந்து பார்த்தால் இந்த இழை வேற்றுக் கிரகச் செய்தி போல இருக்கிறது. பதின்மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன், மம் என்ற ஒன்றை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் பக்கம் ஸ்பிரிட் வீக், பெப் ராலி (ஆட்டத்துக்கு முன் பள்ளியே கூடி அணிக்கு உற்சாகம் ஏற்றுவது), ஆட்டம். சில பள்ளிகளில் நடனம் உண்டு, சிலவற்றில் அதுவும் இல்லை. பணம் செலவழிய மே மாதம் ப்ராம் என்ற பெரிய நடன விழா இருக்கிறது.

பழங்கணக்கு

@சும்மாஒருத்தன், ரிப்பன் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஹோம்கமிங்கே கடைக்காரர்கள் கண்டுபிடித்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது கல்லூரிகளில் பிறந்தது. பழைய மாணவர்களை ஒரு நாள் வளாகத்துக்குத் திரும்ப வரவழைப்பது, அன்று ஒரு பெரிய கால்பந்தாட்டம் (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல).

யார் முதலில் என்பதில் இன்றுவரை அடிதடி. மிசௌரிப் பல்கலைக்கழகம் 1911-ஐச் சொல்கிறது. அதுவரை மிசௌரி-கேன்சஸ் ஆட்டம் பொதுவாகக் கேன்சஸ் சிட்டியில் நடக்கும். ஆட்டங்களைக் கல்லூரி வளாகத்திலேயே நடத்த வேண்டும் என்று விதி வந்தபோது, சின்ன ஊரான கொலம்பியாவுக்குக் கூட்டம் வருமா என்று கவலை. அங்கே விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த செஸ்டர் புரூவர் பழைய மாணவர்களை ஊருக்கு வரச்சொல்லி அழைத்தார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது.

பேய்லர் பல்கலைக்கழகம் விடுமா? எங்கள் டெக்சாஸில் 1909-லேயே நடத்தியாகிவிட்டது என்கிறார்கள். இல்லினாய் 1910 என்கிறது. வினாடி வினாக்களில் மிசௌரி பெயர்தான் அதிகம் வரும். கல்லூரிகளைப் பார்த்து உயர்நிலைப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. ராஜா, ராணி, ஊர்வலம் எல்லாம் பிறகு சேர்ந்தவை.

எனக்கு இதில் வேடிக்கை வேறு இடத்தில். ஃபிரிஸ்கோ கல்வி மாவட்டத்தில் இப்போது 12 உயர்நிலைப் பள்ளிகள். கடைசியாக வந்தது 2022-இல் திறந்தது. அந்தப் பள்ளிக்கு யார் திரும்பி வருவார்கள்? படித்து முடித்தவர்களே கை கொள்ளும் அளவுதான். பல ஆட்டங்கள் சொந்த மைதானத்தில்கூட நடப்பதில்லை. பன்னிரண்டு பள்ளிகளும் பொது மைதானங்களை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன, அதனால் சில பள்ளிகளுக்கு ஹோம்கமிங் ஆட்டம் வியாழக்கிழமையே வந்துவிடும். டாலஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணி பயிற்சி எடுக்கும் ஃபோர்டு சென்டரில், 12,000 பேர் உட்காரும் மூடிய அரங்கில், பத்தாம் வகுப்புப் பிள்ளை மம் மாட்டிக்கொண்டு நிற்கும். பழைய மாணவர் விழா என்பது போய் இது முழுக்க இப்போது படிக்கிற பிள்ளைகளின் விழாவாகிவிட்டது. ஒருவேளை அதனால்தான் ரிப்பன் இத்தனை நீளம்.

கோவை_டு_ஃபிரிஸ்கோ

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நிறம் பற்றிச் சொன்னது ரொம்ப உதவி. வெள்ளை ரிப்பன் அழகாக இருக்கிறதே என்று கூடையில் போட்டு வைத்திருந்தேன்! ஆட்டம் எந்தக் கிழமை என்பதையும் பள்ளி நாட்காட்டியில் சரிபார்த்துவிடுகிறேன். சரி, மம் கிடைக்காத பிள்ளைகள் அன்று என்ன செய்வார்கள்? இதைக் கேட்டால் இவள் பதில் சொல்லாமல் போனைப் பார்க்கிறாள்.

கணக்குடீச்சர்

ஹூஸ்டன் பக்கம் ஒரு பொதுப்பள்ளியில் ஜியோமெட்ரி நடத்துகிறேன். ஹோம்கமிங் வெள்ளி அன்று பாடம் நடத்தலாம் என்று நினைக்கிற ஆசிரியர் புதிதாக வேலைக்கு வந்தவராகத்தான் இருப்பார். முப்பது பிள்ளைகளில் பதினைந்து பேர் கழுத்தில் மணி. ஒருத்தி பென்சில் எடுக்கக் குனிந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். மதியத்துக்குள் நடைபாதை முழுக்க உதிர்ந்த மினுமினுப்பு, அறுந்த ரிப்பன், ஒட்டுத்தாள் எழுத்துகள். போன வருடம் யாரோ ஒரு பிள்ளையின் பெயரிலிருந்து விழுந்த "கே" என் மேசைக் காலில் ஒட்டிக்கொண்டது, கோடை விடுமுறை வரை அங்கேயே இருந்தது. கதவு இடுக்கில் ரிப்பன் மாட்டிக்கொள்வது, நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்வது, எல்லாம் உண்டு. மாடிப்படியில் இறங்கும்போது ரிப்பனைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது மட்டும் விளையாட்டல்ல.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மம் இல்லாத பிள்ளைகள் பாதிக்கு மேல். பலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பள்ளி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வருவார்கள். ஆனால் ஆசைப்பட்டுக் கிடைக்காத பிள்ளை யார் என்று எனக்கு முதல் பீரியடிலேயே தெரிந்துவிடும். அன்று மட்டும் கழிவறைக்குப் போக நிறைய முறை அனுமதி கேட்கும். சில பள்ளிகளில் பெற்றோர் சங்கமோ ஆலோசகரோ பழைய மம்களை வாங்கிப் பிரித்து, புதிதாகக் கட்டி, சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பது வெளியே தெரியாது, அதுதான் முக்கியம். அம்மாவே மகளுக்குச் செய்து போடுவதும் இப்போது சகஜம், தோழிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதும் உண்டு. பையன் கேட்டால்தான் மம் என்ற காலம் போய்விட்டது.

இன்னொன்று: 2025-இலிருந்து டெக்சாஸ் சட்டப்படி பள்ளி நேரத்தில் கைபேசி கூடாது. அதனால் பெப் ராலியில் படம் எடுக்க முடியாது. படம் வேண்டுமானால் காலையில் வீட்டு வாசலிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ எடுத்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் பாதி உதிர்ந்திருக்கும்.

சும்மாஒருத்தன்

> ஆசைப்பட்டுக் கிடைக்காத பிள்ளை யார் என்று எனக்கு முதல் பீரியடிலேயே தெரிந்துவிடும்

இதைத்தான் டீச்சர் நானும் சொல்கிறேன். பணம் உள்ளவன், இல்லாதவன், கேட்கப்பட்டவள், கேட்கப்படாதவள் என்று பிள்ளைகளைக் கழுத்தில் அட்டை மாட்டிப் பிரித்துக் காட்டுகிறோம். பள்ளிச் சீருடை எதற்கு வந்தது என்று நம் ஊரில் படித்த எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு நாள் முழுக்க அதற்கு நேர் எதிரானதைப் பள்ளியே அனுமதிக்கிறது.

கணக்குடீச்சர்

உங்கள் வாதத்தை மறுக்க என்னிடம் பதில் இல்லை சார். சில பள்ளிகள் அளவுக்கு வரம்பு வைக்கின்றன, பள்ளி நேரத்தில் போடக் கூடாது, ஆட்டத்துக்கு மட்டும் என்றும் சில இடங்களில் விதி உண்டு. அப்படி வைத்தால் பெற்றோர்தான் முதலில் சண்டைக்கு வருகிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் அதே பள்ளியில் மம் போட்ட அம்மாக்கள்!

தவில்அப்பா

மார்ச்சிங் பேண்ட் பெற்றோர் சார்பில் ஆஜர். மகன் டிரம் வரிசையில் இருக்கிறான். எங்களுக்கு ஹோம்கமிங் என்றால் மம் அல்ல, தண்ணீர்க் குடுவை. ஆகஸ்ட் வெயிலில் தொடங்கும் பயிற்சி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல் அமைப்பின் விதி இருக்கிறது (பள்ளி நேரத்துக்கு வெளியே எட்டு மணி). அந்த எட்டு மணியும் தார்த்தரையில்தான் போகும். எங்கள் பள்ளியில் சீருடைக்கு மேல் மம்மோ கார்ட்டரோ போட விடமாட்டார்கள். ஆக, பெண்பிள்ளைகளின் மம் எல்லாம் கேலரியில் பெற்றோர் மடியில். போன வருடம் என் மடியில் மூன்று. மூன்றும் யாருடையது என்றே எனக்குத் தெரியாது. எழுந்து கைதட்டவும் முடியவில்லை.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தைக் கட்டாயம் காட்டுங்கள். ஆலன் பள்ளி மைதானத்தில் 18,000 பேர் உட்காரலாம், கிட்டத்தட்ட 60 மில்லியன் டாலர் போட்டு 2012-இல் திறந்தார்கள். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல், 2014-இல் மூடி, சரிசெய்து 2015-இல் மறுபடி திறந்தார்கள். என் அப்பா வந்து பார்த்துவிட்டு, "இது ஸ்கூலா, சேப்பாக்கமா?" என்றார். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. இடைவேளையில் பேண்ட் உள்ளே இறங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளம் பிசகாமல் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள், அதற்கு முன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் டிரில் டீம். அந்த டிரில் டீம் ஆட்டமே டெக்சாஸில் பிறந்ததுதான். 1940-இல் கில்கோர் கல்லூரியில் ரேஞ்சரெட்ஸ் குழுவைத் தொடங்கிய கஸ்ஸி நெல் டேவிஸ் போட்ட பாதை.

மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஹோம்கமிங் பெரும்பாலும் முதல் ஆறு வார மதிப்பெண் வரும் சமயம். 1984-இல் வந்த சட்டம், தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் மூன்று வாரம் போட்டியில் கலந்துகொள்ள முடியாது, விளையாட்டு வீரனோ பேண்ட் பிள்ளையோ, எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் (சில உயர்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு). எங்கள் வீட்டில் கால்குலஸும் ட்ரம்மும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாந்தலைமுறை

நான் ஹூஸ்டன் பக்கத்து ஊரான கேட்டியில் வளர்ந்தவள், இப்போது வேலைக்குப் போகிறேன். தமிழில் தட்டச்சு செய்வது மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டி, உங்கள் பொண்ணு உங்களிடம் வந்து சொன்னாளே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தோழிகள் பாதிப் பேர் வீட்டில் சொல்லவே இல்லை. "பேண்ட் பிராக்டிஸ்" என்று சொல்லிவிட்டு தோழி வீட்டில் உடை மாற்றிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு ஏதாவது அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் அடுத்த வருடம் அவள் கேட்காமலே போகிற மாதிரி சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் யாரும் மம் தரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததும் அவரே யூடியூப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக்கல் இன்ஜினியர், அளவு எடுக்காமல் எதையும் ஒட்ட மாட்டார். மணி மட்டும் கடையில் தீர்ந்துவிட்டது. வீட்டில் என் பழைய பரதச் சலங்கை கிடந்தது, எனக்குச் சிறிதாகிப் போனது. அதிலிருந்து மணிகளைப் பிரித்து வரிசையாகத் தைத்துவிட்டார். பித்தளை மணி! கடையில் விற்பது தகரம், சும்மா கிணுகிணு என்னும். என்னுடையது நடந்தால் நடைபாதையின் அந்தக் கோடியில் கேட்டது. இரண்டாவது பீரியடில் ஆசிரியை மாஸ்கிங் டேப் கொடுத்து எல்லா மணியையும் ஒட்டச் சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் வந்து இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

நடனம் பற்றி: ரொம்பச் சாதாரணம். ஜிம்மிலோ கேண்டீனிலோ நடக்கும், டி.ஜே, இருட்டு, வியர்வை. வாசலில் போலீஸ்காரர் ஒருவர், உள்ளே ஆசிரியர்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளையை அழைத்து வர முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டும். பத்தரை, பதினொன்றுக்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள். கவலைப்பட வேண்டியது நடனம் இல்லை, அதற்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பது. "ஆஃப்டர்" யார் வீட்டில், அந்த வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, வண்டி ஓட்டுவது யார், இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்கும்போது போலீஸ் மாதிரி கேட்காதீர்கள்.

வதிரி_றொரன்ரோ

கனடாவில் இந்தக் கரைச்சல் இல்லை. இங்கே ஹைஸ்கூலில் ஸ்பிரிட் வீக் இருக்கும், ஹோம்கமிங் எண்டால் யூனிவர்சிட்டி விஷயம். பிள்ளையள் கிங்ஸ்ரனில் இருக்கிற குயின்ஸ் யூனிவர்சிட்டிக்கோ, இங்கத்தைய லண்டனில் இருக்கிற வெஸ்ரேணுக்கோ போன பிறகுதான் எங்களுக்குத் தலையிடி. குயின்ஸில் பிள்ளையள் தெருவில் கூத்தடிக்கிறது மிஞ்சிப்போய் சில வருஷம் ஹோம்கமிங்கையே நிப்பாட்டி வைத்து 2013-இல்தான் திரும்ப விட்டவை.

பழங்கணக்கு சொன்னது போல பழைய மாணவர் திரும்பி வாறது என்று பார்த்தால் எனக்கு யாழ்ப்பாணத்து 'வடக்கின் சமர்' கிரிக்கெற் மாட்ச்தான். சென்ட்ரல் கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும், 1904-இலிருந்து. அதுக்கெண்டு மார்ச்சில் இங்கிருந்து ரிக்கெற் போட்டுப் போற ஆக்கள் இருக்கினம். அங்கே ரிப்பன் இல்லை, கொடியும் பப்பரப் பாண்ட் சத்தமும்தான்.

கோவை_டு_ஃபிரிஸ்கோ

@இரண்டாந்தலைமுறை, கண்ணு, உன் தமிழுக்கு என்ன குறை. அந்த மூன்று கேள்வியையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். வீட்டுக்காரரும் படித்தார். சலங்கை பகுதியை இரண்டு தடவை படித்தார்.

புரட்டாசிச் சனி பிரச்சினை அப்படியே நிற்கிறது. மாமியார் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. ஸ்பிரிட் வீக் வேஷப் பட்டியலும் வந்துவிட்டது: திங்கள் பைஜாமா, செவ்வாய் இரட்டையர், புதன் பழைய பத்தாண்டுகள், வியாழன் பை தவிர வேறெதுவும், வெள்ளி பள்ளி நிறம். "பை தவிர வேறெதுவும்" என்றால்?

கணக்குடீச்சர்

புத்தகப்பையைத் தவிர எதில் வேண்டுமானாலும் புத்தகத்தைக் கொண்டு வரலாம். சலவைக்கூடை, மீன்தொட்டி, குழந்தைத் தள்ளுவண்டி, ஒருவன் மைக்ரோவேவ் அடுப்பையே தூக்கி வந்தான், உள்ளே லேப்டாப். 2021-இல் ஐடஹோ மாநிலத்து ரிக்பியில் துப்பாக்கிப் பிரச்சினையால் புத்தகப்பையையே தடை செய்துவிட்டார்கள். பிள்ளைகள் கடைத் தள்ளுவண்டியில் புத்தகத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த படங்கள் அப்போது இணையமெங்கும் சுற்றின. இப்போது நாடெங்கும் இது ஸ்பிரிட் வீக் விளையாட்டு. 2022-இல் உவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு டெக்சாஸில் பல மாவட்டங்கள் கண்ணாடி போல் தெரியும் பைதான் என்று வைத்திருக்கின்றன. வருடம் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் பையைச் சுமக்கிற பிள்ளைகளுக்கு அன்று ஒரு நாள் சக்கர வண்டி தள்ளிக்கொண்டு வருவதில் வருகிற சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் பெண் காய்கறி வாங்கும் மஞ்சள் பையைக் கொண்டு போக நினைத்தால் செல்லாது, அதுவும் பைதான்! எவர்சில்வர் குடம் இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

புதன்கிழமைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மாமியாரிடம் கேளுங்கள். எழுபதுகளில் எடுத்த பாலியஸ்டர் புடவையோ, பெரிய காலர் சட்டை போட்ட மாமனார் படமோ கட்டாயம் இருக்கும்.

ரிப்பன்ராணி

புரட்டாசிக்கு நான் வழி சொல்கிறேன், எங்கள் வீட்டில் செய்து பார்த்ததுதான். ஸ்டேக் ஹவுஸ் யோசனை யாருடையது என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்ட வயதாகவில்லை, எப்படியும் ஏதோ ஒரு பெற்றோர்தான் கொண்டுவிட வேண்டும். பத்துப் பேருக்கு உணவகத்தில் இடம் கிடைப்பதும் அன்று குதிரைக்கொம்பு. "சாப்பாடு எங்கள் வீட்டில், எல்லோரும் வாருங்கள்" என்று மற்ற அம்மாக்களுக்கு ஒரு செய்தி தட்டிவிடுங்கள். கும்பிடு போட்டு ஒப்புக்கொள்வார்கள். பாஸ்தா, பூண்டு ரொட்டி, ஒரு தட்டு பனீர், பழம். சைவம் என்று யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். வெள்ளை உடையில் சிந்தாமல் சாப்பிடுவதுதான் அவர்கள் கவலை. மாமியாருக்கும் பிள்ளைகள் யார், எவர் என்று கண்ணெதிரே தெரியும். அந்த வயோலாப் பையனுக்கு அவர் கையாலேயே பரிமாறிவிடுவார், பாருங்கள்.

கொலு வைக்கும் சமயத்தில் வந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் ஒரு வருடம் அப்படி அமைந்தது. படம் எல்லாம் கொலுப்படி முன்னால் எடுத்தார்கள்.

சும்மாஒருத்தன்

பாஸ்தா யோசனை நல்ல யோசனை. செலவும் குறைவு. ஆனால் மம் பற்றி என் கருத்து மாறவில்லை, பதிவு செய்துகொள்கிறேன்.

ரிப்பன்ராணி

பதிவாகிவிட்டது சார். உங்கள் கருத்தோடே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஸ்டேப்ளர் அடிக்க ஆள் வேண்டும்.

@கோவை_டு_ஃபிரிஸ்கோ, கார்ட்டருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பையனின் மேல்கைச் சுற்றளவைக் கேட்டு வாங்குங்கள், அதைவிட ஒரு அங்குலம் குறைவாக எலாஸ்டிக். பள்ளி நிறத்தில் இரண்டு அகல ரிப்பன் உருளை, ஒரு குறுகலானது, சிறிய துணிப்பூ ஒன்று, வட்ட அட்டை, ஒட்டுத்தாள் எழுத்து. வயோலா வாசிக்கிறவன் என்பதால் குட்டி இசைக்கருவி பொம்மை கிடைத்தால் நடுவில் வையுங்கள். ரிப்பனை அட்டையில் முதலில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டு அதன் மேல்தான் பசை. வெறும் பசையை நம்பினால் செப்டம்பர் வெயிலில் காருக்குள் வைத்த அரை மணியில் இளகிக் கழன்றுவிடும். எழுத்தும் அப்படியே சுருண்டுகொள்ளும், அதனால் ஒவ்வொரு எழுத்தின் பின்னாலும் ஒரு பொட்டு துணிப்பசை. க்ளூ கன்னின் முனையில் கை வைக்காதீர்கள், நூல் நூலாக வரும் பசையைக் கடைசியில் ஹேர் டிரையரைக் காட்டினால் போய்விடும். பையனின் பெயரை எழுத்துக்கூட்டி அவன் அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மகளிடம் கேட்காதீர்கள்.

இந்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து கட்டுகிறோம், பிளேனோ. தனிச்செய்தி போடுங்கள், முகவரி அனுப்புகிறேன். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தால் எடுத்து வாருங்கள். போன தடவை ஐந்து க்ளூ கன்னும் ஒரே பிளக்கில் போட்டு ஃபியூஸ் போய்விட்டது.